தேர்தல் முடிஞ்சு வந்த துப்பாக்கி

அண்ணே, காலைக் கொஞ்சம் அங்கிட்டு ஒதுக்கிக்கங்க. இடிச்சிரப் போகுது. கம்பி இல்லண்ணே. குடையும் இல்ல. துப்பாக்கி.

எந்திரிக்காதீங்க! உக்காருங்க, உக்காருங்க. கண்டக்டர் காதுல விழுந்தா வம்பு. அவருகிட்ட சிலம்பக் கம்புன்னு சொல்லித்தான் ஏறியிருக்கேன். திருட்டுத் துப்பாக்கி இல்லண்ணே, லைசென்ஸ் உள்ளது. எங்கய்யாது. எலக்சன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும்ல, ஓட்டு எண்ணி முடிச்சதும் திருப்பித் தருவாக. அதை வாங்கிட்டுப் போறேன். மூடாம கொண்டுபோனா ஊர் பூராம் வேடிக்கை பாக்கும்னு பாயில வச்சுச் சுருட்டியிருக்கேன். டீக்கடைக்காரன் பாத்துட்டு, என்னய்யா சவத்தைச் சுருட்டுன மாதிரி இருக்குங்கிறான். அவன் கெடக்கான்.

நீங்க எதுவரைக்கும்? சாயல்குடியா? அப்ப எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். நான் பொட்டலேந்தல். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பட்டாளத்துல ஆளு இருக்கு. ஆனா பட்டாளத்தார்னு மொட்டையாச் சொன்னா அது ஒருத்தரைத்தான் குறிக்கும். எங்கய்யா, ஹவில்தார் சாத்தையா. எழுபத்தொண்ணு சண்டையில வீர சக்கரம் வாங்குனவுக. ஊர் வளைவுல அவுக பேருதான் எழுதியிருக்கு. திருவிழாவுல மொத மரியாதை அவுகளுக்குத்தான், அம்பலகாரரே அடுத்தாப்புலதான் துண்டு கட்டிக்கிருவாரு.

நானா? நான் வில்வநாதன். அந்தப் பேரு ரேஷன் கடையில மட்டுந்தான் செல்லும். மத்த எடத்துல பட்டாளத்தார் மகன். நானும் ஆளெடுப்புக்குப் போனவன்தாண்ணே. ஓடச் சொன்ன ஓட்டமெல்லாம் ஓடிட்டேன். பாதம் தட்டையா இருக்குன்னு தள்ளிட்டாங்க. வீட்டுக்கு வந்தா அய்யா என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. என் காலைப் பாத்தாக, உள்ள போயிட்டாக. புலிக்குப் பொறந்தது பூனையாப் போச்சுன்னு ஊர்க்காரன் என் காது படவே சொன்னான். அதுக்கப்பறம் அய்யா என்கிட்ட நேரா பேசுனதே இல்ல. ‘அவன்கிட்டச் சொல்லு’ன்னு எங்காத்தாகிட்டச் சொல்லுவாக. ஆத்தா போய்ச் சேந்தப்பறம் என் பொண்டாட்டி காளீஸ்வரிகிட்டச் சொல்லுவாக. நான் பக்கத்துலயேதான் நிப்பேன்.

இப்ப அப்படி இல்லண்ணே. அதைத்தான் சொல்ல வாறேன்.

பட்டாளத்துல இருந்து வந்தப்பறம் அய்யா ஒரு பேங்கு வாசல்ல காவலுக்கு இருந்தாக. அப்ப வாங்குனது இது. ரெட்டைக்குழல். வேலையை விட்ட பெறகும் இதை விடல. தெனம் காலையில கழட்டித் தொடைச்சு எண்ணெய் போடுவாக. ஆயுத பூசைக்கு எங்க வீட்டுல மொதப் பொட்டு துப்பாக்கிக்கு, அப்பறம்தான் அருவா மம்பட்டியெல்லாம். ஒவ்வொரு எலக்சனுக்கும் அவுகளே காக்கிச் சட்டையை மாட்டி, பதக்கத்தைக் குத்திக்கிட்டு, பஸ் ஏறிப் போய் ஒப்படைச்சிட்டு வருவாக. ஸ்டேஷன்ல ஏட்டையாமாரெல்லாம் எந்திரிச்சு சல்யூட் அடிப்பாக. இந்தத் தடவை முழங்கால் முடியலைன்னு நான் கொண்டுபோனேன். துப்பாக்கி அங்கிட்டுப் போச்சு, வீட்டுல ஆரம்பிச்சிருச்சு.

சிலிண்டர் போட ஒரு ஆளு வந்தான். வண்டியை விட்டு எறங்குறான், அய்யா உலக்கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாக. “தம்! கோன் ஆத்தா ஹே?” அப்படின்னு ஒரு சத்தம் பாருங்க, கொடியில இருந்த காக்காயெல்லாம் பறந்துருச்சு. நில்லு, வர்றது யாருன்னு அர்த்தம். காவலுக்கு நிக்கிற சிப்பாய் கேக்கணும். மூணு வாட்டி கேட்டும் சரியான பதில் வரலைன்னா சுட்டுறணும். வந்தவன் சிலிண்டரைத் தெருவுலயே போட்டுட்டு ஓடிட்டான். தெருவே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். எழுபத்தெட்டு வயசுல அந்தக் குரலு யாருக்குண்ணே வரும்?

அப்பறம் தெனம் இதுதான். பால்காரன் வந்தா தம். தபால்காரர் வந்தா தம். நாங்களும் பழகிக்கிட்டோம். காலையில எந்திரிச்சதும் அய்யா எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு அன்னைக்கு உள்ள சங்கேத வார்த்தையைச் சொல்லுவாக. ஒருநா முருங்கை, ஒருநா சேதுக்கரை. வெளிய போயிட்டு வந்தா அதைச் சொல்லிட்டுத்தான் வாசப்படி ஏறணும். காளீஸ் மறந்துட்டு வெயில்ல நிப்பா, நான்தான் போய் மெதுவாச் சொல்லிக் குடுப்பேன். வெளையாட்டு மாதிரி இருந்துச்சு.

வெள்ளைச்சாமிதான் அதைக் கெடுத்தான். என் சித்தப்பா மகன், பக்கத்து வீடு. இவன் பேசாம பின்பக்கமா வந்து மம்பட்டி எடுக்கக் குனிஞ்சிருக்கான். அய்யா உலக்கையால ஒண்ணு வச்சுட்டாக. மண்டையில சும்மா நாலஞ்சு தையல். அதுக்குப் போயி பஞ்சாயத்தைக் கூட்டிட்டான். “பெரியப்பனைக் கட்டிப் போடு, இல்லாட்டி எங்கயாச்சும் கொண்டுபோய்ச் சேரு”ங்கிறான். யாரை? பதக்கம் வாங்குனவுகளை! நான் கேட்டேன், “ஏண்டா, முன்வாசல்ல வந்து வார்த்தையைச் சொல்லிட்டு எடுக்க வேண்டியதுதானே? தப்பு யாரு மேல?”

வீட்டுக்கு வந்தா காளீஸ் ஆரம்பிக்கிறா. “இது நோயிங்க. மாமாவுக்கு ஆளு அடையாளம் தெரியல. என்னைப் பட்டாளத்துச் சமையக்காரன்னு நெனச்சு, லங்கர்ல சப்பாத்தி வெந்துச்சாங்கிறாக. மருதைக்குக் கூட்டிட்டுப் போவோம், மூளைக்குப் பாக்குற டாக்டர் இருக்காராம்.” எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சண்டை போட்ட மூளைக்கு இவ வைத்தியம் பாப்பாளாம். சாப்பிட்டுக்கிட்டு இருந்த தட்டைத் தூக்கி வீசிட்டேன். அவ சோத்தை அள்ளிக் கோழிக்குப் போட்டா. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நான் மத்தளம்ணே.

ஏன் அம்புட்டுக் கோவம்னு கேப்பீக. ஒண்ணு சொல்லுறேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. வெள்ளைச்சாமி சங்கதி நடந்ததுக்கு மறுநா காலையில அய்யா என்னைப் பக்கத்துல கூப்பிட்டாக. தோள்ல கையை வச்சாக. வச்சு, “தங்கையா, நீ இருக்கிறதுனாலதான்டா எனக்குக் கண்ணு அசருது”ன்னாக. தங்கையன்கிறது அவுக கூட இருந்த சிப்பாய், மார்த்தாண்டம் பக்கத்து ஆளு. அவருன்னு நெனச்சுச் சொல்லுறாக. சொல்லட்டுமே! எனக்கு விவரம் தெரிஞ்சு அவுக கை என்மேல பட்டது அன்னைக்குத்தாண்ணே. மாட்டுக் கொட்டகையில போய் நின்னு அழுதேன். அன்னையில இருந்து நான்தான் அவுகளுக்கு எல்லாம். தங்கையா தண்ணி கொண்டா, தங்கையா அங்க என்ன சத்தம் பாரு, சபாஷ் தங்கையா. இது நோயின்னா, இருந்துட்டுப் போகட்டும். நான் எதுக்கு மருதைக்குக் கூட்டிட்டுப் போயி மாத்திரை குடுத்து, மறுபடியும் பழைய மாதிரி ‘அவன்கிட்டச் சொல்லு’ன்னு கேக்கணும்?

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு. ம். கறிதான் வாங்கிட்டு வாறேன். பஸ்லதான் இருக்கேன். மங்களம் எங்க வர்றாகளாம்? கமுதி தாண்டிட்டாங்களா? சரி சரி. அய்யா என்ன பண்றாக? அதான் எத்தன வாட்டி சொல்லுறது, அஞ்சு பேருன்னு சொல்லு. கேட்டா சொல்லிட்டுப் போயேன், வாய் வலிக்குதா? வையி.

மக வாறாண்ணே. மங்களம், என் ஒரே மக. கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. பிரசவத்தைக் கூட மாமியார் அங்கயே பாத்துக்கிட்டாக. இப்பத்தான் புள்ளைக்குத் தல முடி எறக்க குலதெய்வத்துக்கு வாறாக. அவளும் மருமகனும், சம்பந்தகாரவுக ரெண்டு பேரும், கைப்புள்ளையும். வேன் பிடிச்சு வாறாக. அவ தாத்தாவைப் பாத்து ஒண்ணரை வருசம் ஆச்சு. இந்தத் தம், சங்கேதமெல்லாம் அவளுக்குத் தெரியாது. எதுக்குப் போன்ல சொல்லிக்கிட்டு, சம்பந்தகாரவுக காதுல விழுந்தா அசிங்கம். நேர்ல வந்தா பழகிக்கிருவா.

அய்யாவுக்குத்தான் சந்தோசம் தாங்கல. “எத்தனை பேரு? எந்தப் பக்கமா வாராங்க? வண்டியா, நடையா?”ன்னு நாலஞ்சு நாளா இதே கேள்விதான். கொள்ளுப்பேரனைப் பாக்க அம்புட்டு ஆசை. வீட்டுக்கு முன்னால கருவேல முள்ளு அடைஞ்சு கெடந்துச்சு, அதைப் பூராம் வெட்டச் சொன்னாக. இப்ப வாசல்ல நின்னா பஸ் ரோடு வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது. கேட்டுக்குப் பக்கத்துல என்னைக் குழி வெட்டச் சொன்னாக. தென்னங்கன்னு வைக்கப் போறாகன்னு நெனச்சு நானும் வெட்டுனேன். “இன்னும் ஆழமா தங்கையா, நெஞ்சளவு”ன்னாக. வெட்டிட்டேன். அள்ளுன மண்ணைச் சாக்குல கட்டி முன்னால அடுக்கச் சொன்னாக, அதையும் அடுக்கிட்டேன். காளீஸ் பாத்துட்டு, “நெஞ்சளவு குழியில என்னாங்க தென்னங்கன்னு?”ங்கிறா. அவளுக்கு என்ன தெரியும், மண்ணு இளக்கமா இருந்தா வேர் நல்லா எறங்கும்.

சண்டைக் கதையா? கேளுங்க, கேளுங்க. ஊர்ல பாதிப் பேருக்குத் தப்பாத்தான் தெரியும். எனக்கு அவுக வாயாலயே சொன்னாக, நான் தங்கையன் ஆனப்பறம்தான்.

கார்த்திகைக் கடைசிப் பனி. விடியக்கருக்கல்ல பத்தடிக்கு அங்கிட்டு ஆளு தெரியாதாம். அய்யாவும் தங்கையனும் பதுங்குகுழியில காவல். எதுத்தாப்புல பனிக்குள்ள நெழலு அசையுது. தங்கையன் சட்டப்படி கூப்பிட்டுட்டாரு, தம், கோன் ஆத்தா ஹேன்னு. பதில் இல்ல. ரெண்டாவது வாட்டி கூப்பிட்டாரு. மூணாவதுக்கு வாயைத் தெறக்கயில குண்டு கழுத்துல பாஞ்சிருச்சு. அய்யா மடியிலதான் உசுரு போயிருக்கு. சரியா மறுநாள், அதே நேரம், அதே குழி. அய்யா ஒத்தையா நிக்கிறாக. பனிக்குள்ள திரும்பவும் ஆளு வருது. அய்யா கூப்பிடல. கேட்டுக்கங்க, அய்யா வாயவே தெறக்கல. மூச்சைக் கூட அடக்கிக்கிட்டு, கிட்ட வர விட்டு, அம்புட்டுப் பேரையும் சுட்டுச் சாய்ச்சுட்டாக. அந்த எடம் நம்ம கையை விட்டுப் போகாம இருந்தது அதுனாலதான். அதுக்குத்தாண்ணே சக்கரம். சாஞ்சதுல ஒருத்தன் கையில துப்பாக்கி இல்ல, தண்ணி டப்பாதான் இருந்துச்சுன்னு ஒருநா சொன்னாக. சொல்லிட்டு உலக்கையை எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாக. சண்டையில அதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? முடியாதுல்ல?

“தங்கையா, கூப்பிட்டதுதான்டா நீ செஞ்ச தப்பு”ம்பாக என்கிட்ட. நானும், ஆமாங்கய்யா, இனிமே கூப்பிடலைம்பேன்.

நல்ல சேதி ஒண்ணு இருக்கு. மக வாறான்னு சொன்னதுல இருந்து அய்யாவுக்குக் கொணமாயிட்டே வருது. அந்தத் தம், கோன் ஆத்தா ஹே, ஒண்ணும் இல்ல. முந்தாநேத்து பால்காரன் உள்ள வந்து ஊத்திட்டுப் போறான், வாயத் தெறக்கல. நேத்து தபால்காரர் வந்தாரு. சும்மா அந்தக் குழிக்குள்ள நின்னு பாத்துக்கிட்டே இருந்தாக, உலக்கையை மட்டும் அவரு போற பக்கமெல்லாம் மெதுவாத் திருப்பிக்கிட்டு. ஒரு சத்தம் இல்ல. நான் காளீஸ்கிட்டச் சொன்னேன், பாத்தியாடி, டாக்டர் இல்லாமலே சரியாயிருச்சுன்னு. அவ என்னடான்னா மூஞ்சி வெளுத்துப் போய் நிக்கிறா. “சத்தம் போட்டப்பக் கூட எனக்கு இம்புட்டுப் பயம் இல்லங்க, மகளை வர வேணாம்னு சொல்லுங்க”ங்கிறா. பெத்த மகளை, பச்சைப் புள்ளையோட வாறவளை, வராதேன்னு சொல்லுவாளா ஒருத்தி?

உங்களுக்கும் வேர்க்குது பாருங்க. ஜன்னலைத் தொறந்துக்கங்க.

துப்பாக்கியை ஸ்டேஷன்லயே கெடக்கட்டும்னுதான் அவ சொன்னா. அழுதா, சாமி படத்துக்கு முன்னால சத்தியம் கேட்டா. அதான் அவகிட்டக் கறி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அய்யா காதுல மட்டும், துப்பாக்கி வாங்கப் போறேன்னு போட்டு வச்சேன். யோசிச்சுப் பாருங்கண்ணே, துப்பாக்கி போனதுக்கப்பறம்தானே அய்யாவுக்கு மனசு கொழம்புச்சு? வந்துருச்சுன்னா எல்லாம் நேராயிரும். சிப்பாய் கையில உலக்கையைக் குடுத்தா அவன் மனசு என்ன பாடு படும்? ஸ்டேஷன்ல எழுத்தர் கேட்டாரு, லைசென்ஸ்காரர்தானே வரணும், அவரு எப்படி இருக்காருன்னு. கல்லு மாதிரி இருக்காக, முழங்கால் மட்டுந்தான்னு சொன்னேன். பட்டாளத்தார் மகன்னதும் மறுபேச்சு இல்ல. தோட்டாவையும் சேத்தே குடுத்துட்டாரு.

இந்தா, இந்தக் கறிப்பைக்குள்ளதான் இருக்கு மிச்சம்.

மிச்சம்னா, ரெண்டு உள்ள இருக்குல்ல. ஷ்ஷ்! மெதுவாண்ணே. சேப்டி போட்டிருக்கு, வெடிக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நின்னு நான்தான் போட்டேன். வெறுந்துப்பாக்கியா குடுத்தா அய்யா குழலை மடக்கிப் பாப்பாக, பாத்தா தெரிஞ்சிரும். தங்கையன் காலித் துப்பாக்கி கொண்டாந்தான்னு ஆயிரும். வேற எவன் ஏமாத்துனாலும் நான் அவுகளை ஏமாத்தக் கூடாதுல்ல. தோட்டாவைப் போடயில என் கையி நடுங்கவே இல்ல. பாதம் தட்டைன்னு தள்ளுனாங்களே அண்ணே, கையை எவனும் பாக்கல.

அந்தா வளைவு தெரியுது. கண்டக்டரே, பொட்டலேந்தல் எறக்கம்!

அட. அண்ணே, அங்க பாருங்க, புளியமரத்தடியில. அய்யா! எங்கய்யாண்ணே அது! கும்பிடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி, பாருங்களேன். கேட்டைத் தாண்டாதவுக அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்காக. காக்கிச் சட்டையைப் போட்டு, பதக்கம் குத்தி, ஷேவிங் எல்லாம் பண்ணி... முழங்கால் எங்க வலிக்குது, எப்படி நிக்கிறாக பாருங்க. எனக்காக வந்து நிக்கிறாகண்ணே.

பின்னாலயே வேனும் வருது, அந்தா, வெள்ளை வேன். மங்களம்தான். ஜன்னல்ல புள்ளையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு வாறா, கிறுக்குச் சிறுக்கி. அய்யாவும் பாத்துட்டாக. பாத்துட்டு, பஸ்ஸுப் பக்கம் வெரசா வாறாக. கையை நீட்டுறாக.

கூட்டம் எறங்குறதுக்குள்ள அவுக இங்க வந்துருவாக. ஜன்னல் வழியாவே நீட்டிர வேண்டியதுதான், கம்பி இல்லாத ஜன்னல் நல்லதாப் போச்சு. பாயை உருவிட்டு...

அண்ணே, என்ன பண்றீங்க? கையை விடுங்க. துப்பாக்கிக் கட்டையை எதுக்குப் புடிக்கிறீங்க, விடுங்கண்ணே. யோவ், எதுக்குய்யா கத்துற? டிரைவர் எதுக்கு வண்டியை எடுக்கணும்? எடுக்காதீங்க டிரைவர், இந்த ஆளுக்கு என்னமோ ஆயிருச்சு! நீயும் என் பொண்டாட்டி மாதிரியேதான்யா. உனக்கு என்ன தெரியும் எங்க வீட்டைப் பத்தி? அந்த மனுசன் என் ஆயுசுல என்கிட்ட ஒண்ணு வேணும்னு கையை நீட்டுனதில்ல. விடுய்யா. விடுன்னா...

இந்தாங்கய்யா. புடிச்சுக்கங்க.